பின் சக்கரத்துக்குப் போற பைப்பு

“ஊக்கு மாட்டியிருக்கு பெரியம்மா,” அப்படின்னுட்டு ஜாபரு சிரிக்கிறான். ஜீப்புக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கெடக்கான், காலு ரெண்டு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, அந்தக் காலும் சேந்து சிரிக்கிற மாதிரி ஆடுது. “பின் சக்கரத்துக்குப் போற பிரேக் பைப்ப மடிச்சு, கல்ல வச்சு நச்சி, அது பிரிஞ்சிரக் கூடாதுன்னு மேல ஒரு ஊக்கு. சேலைக்குக் குத்துவாங்கள்ல, பெரிய ஊக்கு, அது. துருப்பிடிச்சு பைப்போட பைப்பா ஒட்டிக்கிருச்சு. இருபது வருசமா ஸ்பேனர் பிடிக்கிறேன், இந்தக் கூத்த எங்கிட்டும் பாத்ததில்ல. பெரியப்பா வேலையா?” “ஆமா, அவருதான்,” அப்படின்னு சொல்லுது. யாரு சொன்னதுன்னு திரும்பிப் பாக்குறேன். பெஞ்சில என்னயத் தவிர யாரும் இல்ல. என் வாயிதான். கையில டீ கிளாஸு இருக்கு, உள்ளங்கை சுடுது, அந்தச் சூட்டத் தவிர ஒடம்புல வேற எதுவும் இருக்கிற மாதிரி தெரியல. செத்து நாலு வருசமான எம் புருசன் தலையில தூக்கிப் போட்டுட்டேன், யோசிக்கக்கூட இல்ல, ஈய வெரட்டுற மாதிரி சொல்லிட்டேன். “அப்ப பின் சக்கரத்துல பிரேக்கு?” அப்படின்னு கேக்குறேன். “எங்கிட்டுப் பெரியம்மா பிரேக்கு? ஆயில் போனாத்தான பிடிக்கும். ரெண்டு பக்கமும் செத்துப் போச்சு. இம்புட்டு வருசமா முன் சக்கரத்த மட்டும் நம்பி மலையில ஓடியிருக்கு இந்த வண்டி.” இம்புட்டு வருசமா. எம்புட்டு வருசம்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வர்சினிக்கு வயசு எம்புட்டோ அம்புட்டு.

வர்சினி எம் மக மலர்க்கொடி பெத்த பிள்ளை, பத்தாவது படிக்குது, போன் வந்ததுல இருந்து அம்மாச்சி அம்மாச்சின்னு அதான் எனக்கு எல்லாம் போட்டுக் குடுக்கும். அது கிடக்கட்டும், நான் என்னத்துக்கு இங்க வந்தேன்? முடிவு சொல்ல வந்தேன். வண்டிய இன்னமும் ரிப்பேர் பாக்குறதா, இல்ல பழைய இரும்புக்குப் போடுறதா. மருமகன் ஏற்கனவே இரும்புக்கார ஆளுக்குச் சொல்லி வச்சுட்டாரு. “அத்தை, ரேடியேட்டர மாத்துனீங்க, கியர் பாக்ஸ மாத்துனீங்க, தளம் போட்டீங்க, இன்னும் மாத்தாதது அந்த நம்பர் பிளேட்டுதான்.” நான் சொன்னேன், மாப்ளே, எனக்கும் பல்லு மாத்தியாச்சு, கண்ணு மாத்தியாச்சு, என்னயும் போட்டுறலாமான்னு. மனுசன் சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுனால நானே ஜாபருகிட்ட, ஏப்பா, ஒரு தடவையாவது அடியில இருந்து மேல வரைக்கும் முழுசாக் கழட்டிப் பாத்துச் சொல்லு, பொழைக்கும்னா பொழைக்கும்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லுன்னேன். முழுசாக் கழட்டிப் பாருன்னு சொன்ன வாயி இதே வாயிதான். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. “ஜும்மாவுக்குப் போறதுக்கு முன்னால சொல்லிருங்க பெரியம்மா, தொழுதுட்டு வரயில இரும்புக்காரர் லாரியோட வந்துருவாரு,” அப்படின்னு காலையிலயே சொல்லிட்டான். லாரி வந்தா வண்டி போயிரும். வண்டியோட பைப்பும் போயிரும், ஊக்கும் போயிரும். அதான் நல்லதுன்னு ஒரு மனசு சொல்லுது. அந்த மனசு சொன்ன வேகத்தப் பாத்து எனக்கே தூக்கி வாரிப் போடுது.

அந்த ஊக்கு என் தாலிக்கயித்துல கெடந்தது. எங்க பக்கம் பொம்பளைக தாலிக்கயித்துல நாலு ஊக்கு கெடக்கும், முள்ளு எடுக்க, பாவாடை நாடா கோக்க, பல்லு குத்த, எல்லாத்துக்கும் அதான். ஆவணி மாசம். ஏலக்காட்டுல காய் எடுப்பு நடக்குது. போடியில இருந்து பொம்பளைகள ஏத்திக்கிட்டு வெடிய ஏழு மணிக்கு மலையேறிப் போயிருவோம், சாயங்காலம் கொண்டாந்து விடுவோம், அதான் எங்களுக்குப் பொழப்பு. அவரு ஓட்டுவாரு. நான் பின்னாடி கடைசியில, படியோரமா, மடியில கட்டையோட உக்காந்திருப்பேன். கட்டைன்னா வேற ஒண்ணும் இல்ல, வேங்கை மரத்துல சாய்வா அறுத்த துண்டு. ஹேண்ட்பிரேக்கெல்லாம் அந்தக் காலத்து ஜீப்புல பேருக்குத்தான். மேட்டுல வண்டி நின்னா ஒரு ஆளு குதிச்சு பின் சக்கரத்துக்கு அண்டை குடுக்கணும். எல்லா ஜீப்புலயும் எளவட்டப் பயலுக போடுவாய்ங்க, எங்க ஜீப்புல மட்டும் நான். “சீனியம்மா கட்டை போட்டா அந்த மலையே நின்னுரும்டி,” அப்படின்னு வெள்ளத்தாயி சொல்லுவா. வெள்ளத்தாயிக்கு வாயி ஒரு நிமிசம் மூடாது. ஒரு நாள் காட்டுமாடு ஒண்ணு நடு ரோட்டுல நிக்குது, ஆனை கணக்கா, இவரு வண்டிய ஆஃப் பண்ணிட்டு மூச்சு விடாதீங்கன்றாரு, உள்ள பதினெட்டுப் பொம்பளைக, ஒருத்தியும் மூச்சு விடல, இவ மட்டும் பைய எந்திரிச்சு, “மாமியா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வேலைக்கு நேரமாச்சு,” அப்படின்றா. அது என்னமோ காதக் காத ஆட்டிட்டு எறங்கிப் போயிருச்சு. அன்னைல இருந்து காட்டுமாட்டுக்கு எங்க ஜீப்புல மாமியான்னுதான் பேரு. அந்த வெள்ளத்தாயிதான். வேணாம். அவ இப்ப வேணாம். ஆவணி மாசத்துக்கே போறேன். பொம்பளைகள மேல விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் காய்மூடையோட எறங்குறோம். மழையின்னா மழை. பின் சக்கரத்துப் பக்கம் பிரேக் ஆயில் ஒழுகுது, மிதிச்சா மிதி கீழ வரைக்கும் போகுது. இவருக்கு ஒடம்பு பெருசு, அடியில நொழைய முடியாது. “ஏய், நீ போ, உன் கைதான் சின்னது. பைப்ப மடிச்சு நச்சிவிடு. பின்னாடிக்குப் போகலன்னா முன்னாடியாச்சும் பிடிக்கும். கீழ போயி மம்மது அண்ணங்கிட்டப் பாத்துக்கிருவோம்.” மம்மது அண்ணன்னா இந்த ஜாபரோட வாப்பா. நான் சேத்துல படுத்து மடிச்சேன், கல்லால நச்சினேன், கசிஞ்சுச்சு, மறுபடி ஒரு மடிப்பு மடிச்சேன், அது வெடைச்சுக்கிட்டு நிக்குது, தாலிக்கயித்துல இருந்து ஊக்கக் கழட்டி மாட்டினேன். வெளிய வந்து, “ஊக்குக் குத்திட்டேங்க,” அப்படின்னேன். “ஆமா, சட்டைக்குப் பட்டனும் தச்சுரு,” அப்படின்னாரு. சிரிச்சுக்கிட்டே எறங்குனோம். செக்போஸ்டுக்கிட்ட வரயில பக்கத்து வீட்டு ஆளு ரோட்டுல நின்னு கைகாட்டுறாரு, மலருக்கு வலி வந்துருச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சுன்னு. அம்புட்டுத்தான். மடிச்ச பைப்பு, ஒழுகுன ஆயிலு, மம்மது அண்ணன், எல்லாம் அந்த நிமிசத்தோட போச்சு. வெடிஞ்சா வர்சினி. மறுநா வண்டிய எடுத்துக்கிட்டுப் போனது அவருதான், அதுனால அவரு மம்மது அண்ணங்கிட்டக் காட்டியிருப்பாருன்னு நான் நெனச்சேன். பத்து நா கழிச்சு மம்மது அண்ணன் கடைக்கு ஹார்ன் மாட்டப் போனது நானு, அதுனால நான் சொல்லியிருப்பேன்னு அவரு நெனச்சிருப்பாரு. நெனச்சிருப்பாரா? கேக்க முடியுமா இனிமே?

“பெரியம்மா, டீ ஆறுது,” அப்படின்றான் ஜாபரு. ஏடு படிஞ்சிருச்சு. வெரல விட்டு எடுக்குறேன், வெரல்லயே ஒட்டிக்கிருது. ஏன் தெரியாமப் போச்சு? அதான் எனக்குப் புரியல. ஒரு பொம்பளைக்குத் தன் வீட்டு அடுப்பு சரியா எரியலன்னா தெரியாதா? அம்புட்டு வருசம் அந்தப் படியோரத்துல உக்காந்தேனே. தெரிஞ்சுச்சு. ஆத்தாடி, தெரிஞ்சுச்சு. வர்சினி பொறந்தப்பெறகு மேட்டுல வண்டி நின்னா சட்டுன்னு பின்னாடி வழுக்கும். முன்ன மாதிரி நின்னு நெதானமா எறங்க முடியாது. கிளட்ச் மிதிக்கிற சத்தம் கேட்டவுடனே நான் குதிச்சிருவேன், வண்டி நிக்கிறதுக்கு முன்னாலயே கட்டையோட தரையில நிப்பேன். வயசாகுது, அம்மாச்சி ஆயிட்டோம், பேத்தி வந்ததும் காலு தளந்துருச்சு, அதான் வெரசாக் குதிக்க வேண்டியிருக்குன்னு நானா ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன். எறக்கத்துல ஒண்ணாம் கியர்ல கொண்டு வருவாங்க, இஞ்சினே பிடிச்சு நிறுத்தும். மேட்டுல எங் கட்டை நிறுத்தும். பிரேக்கு இல்லன்னு யாருக்குத் தெரியப்போகுது? ஆயில் கசியல, மிதி கெட்டியா இருக்கு, எவன் பின்னாடி குனிஞ்சு பாக்கப்போறான்? என் கட்டையும் என் காலும் சேந்துக்கிட்டு அந்த ஊக்க மறைச்சு வச்சிருக்கு. மலையே நிக்கும்னாளே, அவ சொன்ன மாதிரிதான் நிறுத்தி வச்சிருக்கேன். நான் இருந்த வரைக்கும்.

மாசி மாசம், சிவராத்திரிக்கு மறுநா. வர்சினிக்கு ஏழாம் மாசம், கொலசாமி கோயில்ல காதுகுத்து. அம்மாச்சி இல்லாம காதுகுத்தான்னு மலரு சொல்ல, நானும் அவரும் கோயிலுக்குப் போயிட்டோம். ஆனா காட்டுல கடைசி எடுப்பு, வண்டி போயே ஆகணும். செவனாண்டி, அவரு அக்கா மகன், என்னய அத்தை அத்தைன்னு வாயி நெறையக் கூப்பிடுவான், “நீங்க போங்க அத்தை, நான் ஓட்டிக்கிறேன், பிள்ளைக்கு எம் பேரச் சொல்லி ஒரு சோடித் தோடு போடுங்க,” அப்படின்னான். நல்லா ஓட்டுவான். மொட்டைப் பாறை மேட்டுல ரெண்டு பொம்பளைக ஏற நிக்கிறாளுக, வண்டிய நிப்பாட்டியிருக்கான். உள்ள பாரம் பூராம் பின்னாடி. எங் கட்டை அன்னைக்கு வெள்ளத்தாயி மடியில. “சீனியம்மா எடத்துல இன்னைக்கு நாந்தேன்,” அப்படின்னு கும்மாளமா உக்காந்திருந்தாளாம். அவ என்ன பண்ணுவா, எல்லாரும் பண்ற மாதிரி, வண்டி நிக்கட்டும்னு இருந்து எறங்கியிருக்கா. அதான சரி? நின்ன வண்டியில இருந்துதான எறங்கணும்? அது நிக்கல. வழுக்கிருச்சு. இவ கட்டையோட குனிய, வண்டி வர, பின்னாடி பாறை. வலது காலு. முட்டிக்குக் கீழ. கோயில்ல நான் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு, ஆசாரி ஊசிய ஏத்துறாரு, பிள்ளை வீலுன்னு கத்துது, எல்லாரும் சிரிக்கிறோம், அப்பத்தான் போன் வந்துச்சு. அந்த ரெண்டு சத்தமும் எனக்கு இன்னமும் ஒண்ணாத்தான் கேக்கும், பிள்ளை கத்துறதும் போன் அடிக்கிறதும். வெள்ளத்தாயி இப்பவும் கக்கத்துக் கட்டையோடதான் நடக்குறா. என்னயப் பாத்தா, “வாடி, உன் கட்டைய என்கிட்டக் குடுத்துட்டீல்ல, திருப்பித் தரமாட்டேன்,” அப்படின்னு கக்கத்துக் கட்டையத் தட்டிச் சிரிப்பா. நானும் சிரிப்பேன். பதினாலு வருசமா நானும் சேந்து சிரிச்சிருக்கேன்.

ஜீப் ஸ்டாண்டுல வச்சு அடிச்சேன் செவனாண்டிய. கூட்டம் நிக்குது. அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை ஆனா செவனாண்டி கொஞ்சம் குடிப்பான், அது ஊருக்கே தெரியும். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்ல. “அத்தை, சத்தியமா, பின்னாடி பிடிக்கவே இல்ல. முழுசா மிதிச்சேன். பின்னாடி செத்துப் போன மாதிரி இருந்துச்சு அத்தை.” செத்துப் போன மாதிரி. இப்ப ஜாபரு சொன்னான்ல, ரெண்டு பக்கமும் செத்துப் போச்சுன்னு. அதே சொல்லு. பதினாலு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தன் அழுதுக்கிட்டே அதே சொல்லச் சொல்லியிருக்கான், நான் காதுல வாங்கல. என்ன சொன்னேன்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னேன். குடிகாரப் பயலுக்குப் பிரேக்கு எங்கிட்டுத் தெரியும்னேன். ஊதச் சொல்லுங்கடா அவனன்னேன். அவன் ஊதுனான், என் மூஞ்சிக்கு நேரா ஊதுனான், வாடையே இல்ல. வாடை இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், “ஏலக்காய மென்னுட்டு வந்திருக்கான்,” அப்படின்னேன். ஆத்தாடி. அதச் சொன்னது நாந்தான். ஏலக்காட்டு ஊருல அது ஒண்ணு போதாதா? எல்லாரும் தலையாட்டுனாங்க. கேஸு வேணாம்னு ஊருக்குள்ளயே பேசி முடிச்சாங்க, இவன் இனிமே ஸ்டியரிங்கத் தொடக் கூடாதுன்னு முடிச்சாங்க. தொடல. தேவாரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டுக்கு வாட்ச்மேனா இருக்கான். பஸ்ஸுல போனாக்கூடக் கடைசி சீட்டுலதான் உக்காருவானாம், டிரைவர் முதுகப் பாத்துக்கிட்டு உக்காந்தா வேர்த்துருதாம். அவரு செத்தன்னைக்கு வந்தான், வாசல்லயே நின்னான், தீச்சட்டிக்குப் பின்னாடி நடந்தான், எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. திமிரப் பாருன்னு மலருகிட்டச் சொன்னேன். அதையும் சொன்னேன்.

ஜாபரு வெளிய வந்து கையத் தொடைக்கிறான். நெத்தியில கிரீஸு. “சேஸிஸ் நல்லாத்தான் இருக்கு பெரியம்மா. இந்தப் பைப்ப அறுத்துப் போட்டுட்டு புதுசு இழுத்தா இன்னும் பத்து வருசம் ஓடும். இல்ல இரும்புக்குன்னா அப்படியே நிக்கட்டும். எதுன்னு சொல்லுங்க, எனக்குக் கைகால் கழுவணும்.” பள்ளிவாசல்ல மைக்கத் தட்டிப் பாக்குற சத்தம் கேக்குது, டொப்பு டொப்புன்னு. ரிப்பேர்னா பைப்பு குப்பைக்குப் போயிரும். இரும்புன்னா வண்டியோட போயிரும். எதச் சொன்னாலும் ஒண்ணுதான். இதுல என்னத்த நான் முடிவு பண்ண? எந்திரிக்கிறேன், முட்டி சடக்குன்னுது, தூணப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு பாக்குறேன். பாக்காட்டித் தேவலன்னு நெனச்சுக்கிட்டே பாக்குறேன். தெரியுது. பல்ப்பு வெளிச்சத்துல சின்னதா, மூட்டைப் பூச்சி கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் மாட்டுன மாதிரியே வாயி மூடியிருக்கு. “அறுக்காத,” அப்படின்றேன். “என்னது?” “அந்தப் பைப்ப அறுக்காதப்பா. தொடாத.” “அது பெரியப்பா ஞாபகமா வச்சுக்க ஒண்ணும் இல்ல பெரியம்மா, வேணும்னா ஊக்க மட்டும் கழட்டித் தாரேன்,” அப்படின்னு சிரிக்கிறான். “பெரியப்பா இல்ல,” அப்படின்றேன். “ஊக்கு என்னது. மடிச்சது நானு. அவர் மேல பொய் சொல்லிட்டேன்.” ஜாபரு தொடைக்கிறத நிப்பாட்டிட்டான். அவனுக்கு வெள்ளத்தாயி கதை தெரியும், ஊருல எல்லாருக்கும் தெரியும். அவன் மூஞ்சியில சிரிப்பு எறங்குறத நான் பாக்குறேன், மேல இருந்து கீழ வரைக்கும், ஒவ்வொரு எடமா. “பெரியம்மா, அப்ப செவனாண்டி அண்ணே...” “ஆமா.” “அப்ப வண்டி? நான் என்ன பண்ண?” “அத நான் சொல்லக் கூடாதுப்பா. அதச் சொல்ல ஒரு ஆளு வரணும்.”

போன எடுக்குறேன். வேற யாரோ பேருக்குப் போகுது, அணைக்கிறேன், மறுபடி. செவனாண்டி நம்பர வர்சினிதான் போட்டு வச்சுச்சு, சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கட்டும் அம்மாச்சின்னு, நான் ஒரு நாளும் அமுத்துனது இல்ல. மணி அடிக்குது. எடுக்க மாட்டான். எடுக்காட்டி நல்லதுன்னு அந்த மனசு திரும்ப வருது, அந்த வேகக்கார மனசு, அத வையிறேன். “அலோ,” அப்படின்றான். பின்னாடி பிள்ளைக கத்துது, பள்ளிக்கூட இன்டர்வெல்லு போல. “அலோ, யாரு?” “அத்தைடா.” வச்சுட்டானோன்னு பாக்குறேன், இல்ல, பிள்ளைக சத்தம் கேக்குது. என்னென்னமோ சொல்லணும்னு இருந்துச்சு, ஏலக்காய், ஊதுனது, அடிச்சது, மலரு பிரசவம், மழை, எல்லாம் ஒண்ணா வாய்க்கு வருது. “செவனாண்டி, வண்டிய ஜாபரு கழட்டியிருக்கான். பின்னாடி போற பைப்பு மடிச்சிருக்கு. நாந்தான் மடிச்சேன். வர்சினி பொறந்த அன்னைக்கு. பெறகு யாரும் எடுக்கல. நீ சொன்னது... நீ மிதிச்சது...” “எந்தப் பக்கம் அத்தை?” அப்படின்றான். கொரலு டிரைவர் கொரலு. “ரெண்டு பக்கமும்டா.” “ரெண்டு பக்கமும்,” அப்படின்னு அவனும் சொல்றான், பைய, தனக்குத்தானே. அங்கிட்டு ஒரு மணி அடிக்குது, பிள்ளைக சத்தம் கொறையுது, அவன் கேட்டச் சாத்தணும், சாத்துற சத்தம் கேக்கல. “வந்து பாரு. நீ சொல்றதுதான். ஓட்டணும்னா ஓட்டலாம், ஒடைக்கணும்னா ஒடைக்கலாம். வெள்ளத்தாயியையும் கூட்டியாரேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீ வருவியா?” வருவேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல. பெறகு கேக்குறான், “வண்டி மேட்டுல நிக்குதா அத்தை?” “இல்லடா, கடைக்குள்ள, சமதரையிலதான்.” “கட்டை போட்டிருக்கா?” நான் திரும்பிப் பாக்குறேன். போடல. இங்க எதுக்குக் கட்டைன்னு யாரும் போடல. எங் கட்டை பின்னாடி படியோரத்துலயே கெடக்கு, நான் உக்கார்ற எடத்துல. “இருடா, வச்சுராத,” அப்படின்னு போன ஜாபரு கையில குடுத்துட்டு, கட்டைய எடுத்துக்கிட்டு, சேலையச் செருகிக்கிட்டு, பின் சக்கரத்துக்கிட்டக் குனியிறேன்.